கொல்லை லீக்கின் முதல் சாம்பியன்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போன ஆறு நண்பர்கள், தாங்கள் குடியிருந்த வீட்டுக் கொல்லையில் ஒரு மல்யுத்த லீக் ஆரம்பித்தார்கள். துணிக்கழிவு அடைத்த மெத்தைதான் களம். நாலாவது ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மொட்டை மாடிகளில்கூட கூட்டம் நின்றது. அப்போது வீட்டுக்காரர் பொன்னுரங்கம் வந்தார். ஒருகாலத்தில் பெரிய பயில்வான்.

“இதெல்லாம் நாடகம். எம் முதுகை இந்த மெத்தையில படவெச்சு மூணு எண்ணுங்க பார்க்கலாம். எண்ணிட்டா கொல்லை உங்களுக்கு. இல்லீன்னா இன்னிக்கே காலி பண்ணோணும்.”

இரண்டு பேர் பாய்ந்தார்கள். இருவரையும் தூக்கி வேலியோரம் வைத்துவிட்டார்.

அந்த ஆறு பேரில் நடுவராக நின்ற நசீர் ஒல்லிக்குச்சி. “உங்களை ஜெயிக்க எங்களால ஆகாதுங்க,” என்றான். “ஆனா எங்க ஆட்டத்துல ஜெயிக்கறது சுலபம். அடிபடாம மல்லாக்க விழறதுதான் வித்தை. அது உங்களுக்கு வராதுங்க.”

“எனக்கு வராதா? பாரு.”

பொன்னுரங்கம் எம்பிக் குதித்து மல்லாக்க விழுந்தார். நல்ல சுத்தமான விழுகை. படுத்தபடியே பெருமையாக, “எப்படி?” என்று கேட்டார்.

நசீர் அதற்குள் மண்டியிட்டு மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தான். “ஒண்ணு, ரெண்டு, மூணு.”

“நீ என்னைத் தள்ளவே இல்லியேடா?”

“தள்ளோணும்னு நீங்க சொல்லலீங்களே.”

மாடிகளெல்லாம் சிரித்துக் கைதட்டின. அத்தனை பேர் கேட்க விட்ட சவாலை அவரால் மாற்ற முடியவில்லை. வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தவர், “வெச்சுக்கங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நண்பர்கள் நசீரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். ஒரு ஆட்டமும் ஆடாதவன் அந்த லீக்கின் முதல் சாம்பியன் ஆனது இப்படித்தான்.