கிணற்றுக்குள் போன மெட்டி

கிணற்றில் விழுந்த சாமான்களைப் பாதாளக் கரண்டி விட்டுத் துழாவி எடுத்து, உரியவரிடம் சேர்ப்பதுதான் செம்பாயியின் பிழைப்பு. மிராசுதார் வைத்தியலிங்கத்தின் தோட்டத்துக் கிணற்றில் செப்புக்குடம் விழுந்துவிட்டதென்று வேலைக்காரர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். முதல் தடவை கொக்கியில் மாட்டி வந்தது குடமல்ல, பாசியோடு ஒரு வெள்ளி மெட்டி.

சேதி கேட்டு மிராசுதார் ஓடிவந்தார்.

"இது உங்க வீட்டம்மாவோடதுங்களா, ஐயா?"

"அவ முந்தாநாளே காசிக்கு ரயிலேறிட்டா. எங்கேயோ திருடிட்டு வந்து கதை அளக்கிறியா? யோக்கியமானவளா இருந்தா அவ கையிலயே கொண்டுபோய்க் கொடு. இல்லேன்னா புளியமரத்துல கட்டிவெச்சுத் தோலை உரிச்சிடுவேன்!"

"கொடுத்துடறேனுங்க."

செம்பாயி மெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு கரண்டியை மறுபடி இறக்கினாள். காற்றே இல்லை. ஆனாலும் உள்ளிருந்து முனகல் போல ஒன்று எழுந்தது. கயிறு விறைத்தது.

"கனமா மாட்டியிருக்கு. ஒரு கை பிடிங்க, ஐயா."

மிராசுதார் பின்னால் துள்ளினார். "இழுக்காதே! கல்லைக் கட்டித்தானே போட்டேன், அவ எப்படி மேலே வருவா?"

வேலைக்காரர்கள் அவரையே திரும்பிப் பார்த்தார்கள். மேலே வந்தது செப்புக்குடம்.

முனகல் நின்றுவிட்டது. செம்பாயி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"கையில கொடுக்கச் சொன்னீங்க. அம்மாவை இவங்க மேலே எடுக்கட்டும், ஐயா. கால்லயே போட்டுவிட்டுப் போறேன்."