நான்கு கைகள்

மலையடிவாரத்து வைத்தியசாலையில் விஷக்காய்ச்சலுக்கான மருந்து ஒரே ஒரு வேளைக்குத்தான் மிஞ்சியிருந்தது. பாதியாகக் கொடுத்தால் யாரும் பிழைக்க மாட்டார்கள். மருந்துக்கான வேர் இனி மழை விட்ட பிறகுதான் கிடைக்கும். படுத்திருந்தவர்களோ நான்கு பேர்.

சங்கரலிங்கம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வைத்தியர் ஆவுடையம்மாளிடம் வந்தார். ஊர் நிர்வாகமான மணியம் பார்ப்பதை விட்டுவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் அவளிடம் வைத்தியம் படிக்க வந்தவர் அவர்.

"யாருக்கு முதலில் என்று எழுதியிருக்கிறேன், அம்மா. கோயில் தர்மகர்த்தா, அடுத்து வாத்தியார், அப்புறம்…"

"நிறுத்தும், மணியக்காரரே. கல்யாண வீடா இது, முதல் பந்தி இரண்டாம் பந்தி பிரிக்க?"

தாள் கஷாய அடுப்புக்குள் போயிற்று.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நோயாளிகளுக்கும் வைத்தியருக்கும் நடுவே கனத்த திரை. மோதிரம், காப்பு, கயிறு எல்லாம் கழற்றி, கழுவித் துடைத்த கை மட்டும் திரைக்கு இப்பால் வரும். மருந்து யாருக்கென்று முடிவாகும்வரை வைத்தியர் அந்தப் பக்கம் போவதில்லை. சுத்தத்துக்கான ஏற்பாடு என்றே இரண்டு வருஷமாகச் சங்கரலிங்கம் நினைத்திருந்தார்.

அவர் தேன் எடுக்க உள்ளே போய்த் திரும்பியபோது, அவள் நான்கு கைகளையும் தொட்டு முடித்து, பலகையை விட்டு எழுந்து நின்றாள்.

"நீர் உட்காரும். முதலிலிருந்து பாரும்."

"நானா? நாடி பிடிபட இன்னும் ஒரு வருஷமாகும் என்றீர்களே!"

"ஆகும்தான். ஆனால் இதில் ஒரு கையை எனக்குத் தெரியும்."

"எந்தக் கை?"

"சொன்னால் உமக்கும் தெரிந்துவிடுமே."

வியர்க்க வியர்க்கப் பார்த்தார். ஒரு நாடி மருந்தில்லாமலே தேறிவிடும். இன்னொன்று மருந்தைத் தாண்டிப் போய்விட்டது. மிச்சம் மூன்றாவதும் நாலாவதும். மாற்றி மாற்றித் தொட்டார்.

"நாலாவது," என்றார்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. மருந்தைத் தேனில் குழைத்தாள். திரையை விலக்கிப் போய், நாலாவது ஆளுக்குத் தானே புகட்டினாள். ஊர் பேர் தெரியாத வழிப்போக்கன் அவன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

பிறகு மூன்றாவது ஆளின் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா," என்றான் அவன்.

சங்கரலிங்கம் திரையைப் பற்றிக்கொண்டார்.

மாலைக்குள் தம்பி அடங்கிவிட்டான். மறுநாள் காலை வழிப்போக்கன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். அவளே ஆற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அம்மா."

"சொன்னால் கொடுத்திருப்பீர்."

"நான் கணித்தது சரிதானா? அதையாவது சொல்லுங்கள். எனக்கு முன்னால் நீங்களும் அந்த மூன்றாவது கையைப் பார்த்தீர்களே!"

ஆவுடையம்மாள் தன் விரல்களைப் பார்த்தபடி இருந்தாள்.

"அந்தக் கையில் நான் நாடி பார்க்கவில்லை, அய்யா. சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன்."