தனலட்சுமிக்குள் போன கல்யாணம்

ரெபேக்காள் டீச்சர் படியேறும் சத்தம் கேட்டாலே, தொங்கிப்போன கம்ப்யூட்டரெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும் என்பது கடைத்தெருப் பேச்சு. அது கொஞ்சம் மிகைதான். பாதிதான் உட்காரும், மீதி எழுந்தே நிற்கும்.

டீச்சரிடம் ஐம்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் பாடம் கேட்க வந்தவர் வேலாண்டி. கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். அன்று அவர் ஸ்டுடியோ பெஞ்சில் செண்பகம் அழுதுகொண்டிருந்தாள். போன ஆவணியில்தான் அவளுக்குக் கல்யாணம் நடந்தது; படம் எடுத்தவர் வேலாண்டி. இப்போது அப்பா இல்லை. நாளைக்குக் கருமாதி, மாலை போட ஒரு படம் வேண்டும்.

கம்ப்யூட்டர் திரையில் திறந்திருந்த கல்யாண ஆல்பத்தில் அப்பா தபால்தலை அளவில் சிரித்தார். பெரிதாக்கினால், "அசல் கோப்பு காணவில்லை."

"எல்லாம் அழிஞ்சு போச்சு தாயி" என்று வேலாண்டி அவளிடம் சொல்லியும்விட்டார்.

டீச்சர் வந்ததும், "ஆல்பத்தையே அழிச்சிட்டுப் புதுசாப் போட்டிரட்டுமா டீச்சர்?" என்றார்.

"முதல்ல கையை எடுங்க அண்ணாச்சி. ஆல்பத்துல இருக்கிறது நிழல். அசல் எங்கே?"

வேலாண்டி பக்கத்தில் ஒயரில் மாட்டியிருந்த கறுப்பு டிஸ்கைக் காட்டினார். அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம்.

"கடைசியாப் படம் திறந்ததுக்கு அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணுமே செய்யலை. ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சேன். பேரும் வச்சேன்."

"பேரா?"

"கம்பெனிக்காரன் வச்ச பேரு மொட்டையா இருந்துச்சு. 'தனலட்சுமி'ன்னு மாத்தினேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி, "ஏ, கோவிந்தசாமி!" என்று கூப்பிட்டார்.

வேலாண்டி அசையவில்லை.

"உங்களைத்தான் அண்ணாச்சி."

"என் பேரு அதில்லையே!"

"அதேதான். ஆல்பம் காலையிலேருந்து பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. தனலட்சுமி நமக்கென்னன்னு உட்கார்ந்திருக்கா."

டிஸ்குக்குப் பழைய பெயரையே தட்டிப் போட்டார். ஆல்பத்தை மூடித் திறந்தார். அப்பா திரை நிறைய வந்து நின்றார்.

செண்பகம் எழுந்து கிட்டே வந்தாள். "மீசையில அட்சதை ஒட்டியிருக்கு" என்றாள். விரலால் தட்டிவிடப் போனாள்.

படத்தை வாங்கிக்கொண்டு அவள் பிரேம் கடைக்கு ஓடியபின், வேலாண்டிக்குக் கம்ப்யூட்டர் மேல் ஆத்திரம் வந்தது.

"அத்தனையும் பத்திரமா இருக்கு. என்ன பொய் சொல்லிருச்சு பாத்தீங்களா டீச்சர்!"

டீச்சர் திரையின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"பொய்யா? தேடின இடத்துல காணலைன்னு சொல்லிச்சு. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவு, சொன்னதும் அவ்வளவு. இப்படி ஒரு ஆளை இந்தக் கடைத்தெருவுல காட்டுங்க அண்ணாச்சி. நானே போய் அவங்ககிட்டப் பாடம் கேக்குறேன்."

ஒரு பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார் வேலாண்டி. செண்பகத்திடம் "எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று தான் சொன்னது நினைவுக்கு வர, மூடிக்கொண்டார்.