நகத்தளவுச் சிப்பி

சேத்துமுனைக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இருக்கிறது ஐயா! தேய்ந்துபோகுமே என்று வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்த் தலைவர் சவரியானுக்கு வயிற்றுக்கடுப்பு. மூன்று நாளாகப் பட்டினி. வைத்தியர், தலைவருடைய கையாட்கள் கஸ்பார், தொம்மை, சூசை மூவரையும் கூப்பிட்டார்.

"கழிமுகத்துச் சேத்துல ஒரு சின்னச் சிப்பி இருக்கும். தலைவரோட கட்டைவிரல் நகத்தளவுதான். அதைவிடப் பெருசுன்னா வேற சிப்பி, தண்ணியிலயே விட்டுருங்க. தட்டினா வாயை மூடுதா? உயிர் இருக்கு, சட்டியில போடலாம். திறந்தே கெடக்கா? செத்தது, விஷம், வீசிருங்க. இன்னைக்குச் சாறு குடிக்கலைன்னா தலைவர் தேறமாட்டார்."

"நகத்தை வெட்டி எடுத்துக்குவமா?" என்றான் தொம்மை.

"நோயாளிவே, பாவம்! ஆளையே தூக்கிருவோம்" என்றான் கஸ்பார். அவனுக்கு இளகிய மனசு.

கட்டிலோடு தூக்கிப்போய்ச் சேற்றில் இறக்கினார்கள். ஒவ்வொரு சிப்பியையும் தலைவர் விரலில் வைத்து அளந்தார்கள். மூடியதாகப் பொறுக்கி, கரையிலேயே அடுப்பு மூட்டிச் சட்டியில் போட்டார்கள். தண்ணீர் கொதித்ததும் அத்தனையும் வாயைப் பிளந்தன.

"ஐயையோ, செத்துப்போச்சே!" என்று அலறினான் சூசை.

"போடும்போது நல்லாத்தானே இருந்துச்சு?"

"யாரு கொன்னா? நாமதான் அடுப்பைவிட்டு நகரவே இல்லையே!"

சாற்றோடு வீசினார்கள். "அடேய், அந்தச் சாறுதான்டா மருந்து!" என்று தலைவர் அழுதார். "விஷம் அண்ணாச்சி" என்று சமாதானம் சொன்னார்கள். இப்படி ஐந்து சட்டி.

ஆறாவது சட்டி ஏறும்போது தலைவர் பசிமயக்கத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார்.

தொம்மை பார்த்தான். நெற்றியில் தட்டினான். வாய் மூடவில்லை.

"போயிட்டாரே அண்ணாச்சி!" மூவரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பிறகு, விஷமாயிற்றே என்று, கையும் காலுமாகப் பிடித்துத் தண்ணீரில் வீசினார்கள்.

"பாவிகளா! உயிரோடதான்டா இருக்கேன்!" தலைவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கத்தினார்.

"வாய் இன்னும் திறந்துதான் இருக்கு" என்றான் சூசை வருத்தத்தோடு.

தலைவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டார்.

"உயிர் இருக்குவே!" மூவரும் ஆனந்தக் கண்ணீரோடு அவரைக் கரையேற்றி, நேரே சட்டிப் பக்கம் தூக்கிவந்தார்கள். தலைவர் திமிறினார். ஆனால் வாயை மட்டும் திறக்கவில்லை.

"பொறுங்க!" என்றான் கஸ்பார். தலைவரின் கட்டைவிரலைப் பிடித்து அவர் உடம்போடேயே வைத்து மேலும் கீழும் அளந்து பார்த்தான்.

"பெருசா இருக்கு. இது வேற சிப்பி."

திரும்பவும் தண்ணீரில் விட்டார்கள்.