முதல் வரிசையில் இருந்தவர்

வைரவனின் இரண்டாவது ஸ்பெஷல், அதாவது அவன் ஒருவனே நடத்தும் முழுநீள நகைச்சுவை நிகழ்ச்சி, வெளியாகி நான்காம் நாள் காலை, அவன் தன் குருவைத் தேடித் திருச்சிக்கு வந்தான்.

குரு என்றதும் தாடியையும் காவியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ரெஜினா டீச்சர் அவனைவிட நான்கு வயது இளையவர். பாலக்கரையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை, முகூர்த்தம் இல்லாத நாட்களில் வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்துகிறார். மேடையில் ஒற்றை ஆளாக நின்று மற்றவர்களைச் சிரிக்க வைப்பது எப்படி என்பதுதான் பாடம். சொல்லிக்கொடுக்கிறவர் சிரித்து இதுவரை யாரும் பார்த்ததில்லை.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. மாணவர்களின் நிகழ்ச்சியைப் பார்க்க மாட்டார், கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்பார். கூட்டம் சிரிக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு புளியங்கொட்டையை எவர்சில்வர் டம்ளரில் போடுவார். இன்னொன்று, யாரைப் பற்றிய ஜோக்கோ அந்த ஆள் முன்னால் முதலில் சொல்லிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மேடை.

வைரவன் அவரிடம் படித்த காலத்தில் ஒரு மெஸ்காரரின் சாம்பாரைப் பற்றி ஜோக் எழுதி, அவர் முன்னாலேயே போய்ச் சொன்னான். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வாரம் முழுக்க இவனுக்கு மட்டும் சாம்பாரில் காய் விழவில்லை. ஆனாலும் அந்த ஜோக்குக்கு ஒரு டம்ளர் நிறையக் கொட்டை விழுந்தது.

அதெல்லாம் பழைய கதை.

“பாத்தீங்களா டீச்சர்?” என்றான், உட்காருவதற்கு முன்பே.

“இல்ல.”

“ஊரே பாத்துடுச்சு.”

“சாப்பிட்டீங்களா?”

அவன் போனை எடுத்தான். நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் கீழே எழுதியிருந்ததை வாசித்தான். “ ‘தைரியம்னா இதுதான். இவனை யாராலயும் அசைக்க முடியாது.’ இது ஒருத்தர். ‘இவனை எல்லாம் மறுபடி மேடை ஏத்தினவனைச் சொல்லணும்.’ இது இன்னொருத்தர். ‘அண்ணன் அடிச்ச அடியில எல்லாரும் கதறுறானுங்க.’ ‘பாதியில எந்திரிச்சு வந்துட்டேன், என் பொண்ணு முகத்தைப் பாக்க முடியல.’ ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி இருக்காங்க டீச்சர். இதுல யாரு சொல்றது சரி?”

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நிகழ்ச்சியில், முதல் வரிசையில் கலியமூர்த்தி என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். லால்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். “சாருக்கு என்ன வேலை?” என்று வைரவன் மைக்கை நீட்டினான். அவருக்குத் திக்குவாய். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. வைரவன் ஒன்றும் சொல்லவில்லை. மைக்கை நீட்டியபடியே கூட்டத்தைப் பார்த்தான். பிறகு நிதானமாகத் தன் வாட்சைப் பார்த்தான். அறுநூறு பேர் இரண்டு நிமிடம் சிரித்தார்கள்.

அந்த இரண்டு நிமிடத்தை யாரோ வெட்டி எடுத்து அனுப்ப, அது எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. வாத்தியார் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் வெறும் மணிக்கட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்தில் அவர் வேலையை விட்டார். அது வெளியே தெரிந்ததும் வைரவனைத் திட்டித் தீர்த்தார்கள். நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக ரத்தாயின. அவனும் வீட்டோடு கிடந்தான்.

திரும்பி வந்து செய்த முதல் ஸ்பெஷலில், தன்னைப் பேச விடாமல் செய்துவிட்டார்கள் என்று ஒரு மணி நேரம் பேசினான். இரண்டாவதில் இன்னும் ஒரு படி மேலே போனான். முதல் வரிசையில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, ‘மனம் புண்படுவோருக்கு மட்டும்’ என்று அட்டை மாட்டினான். அந்த நாற்காலியிடம் கேள்வி கேட்டு மைக்கை நீட்டினான், வாட்சைப் பார்த்தான். பதினோரு தடவை.

டீச்சர் டம்ளரை எடுத்து மேஜையில் வைத்தார். பக்கத்தில் ஒரு கை புளியங்கொட்டை.

“போடுங்க. கேப்போம்.”

எழுபது நிமிடம். டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை. கைதட்டல் வந்தது. விசில் வந்தது. ‘அப்படிப் போடு தலைவா’ என்று ஒரு குரல் வந்தது. யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற சத்தமும், போகிறவர்களைப் பார்த்து ‘ஓ’ என்று கத்துவதும் வந்தன. டம்ளரில் ஒரே ஒரு கொட்டை விழுந்தது, அதுவும் மூன்றாவது நிமிடத்தில்.

“அது எந்த இடம்?” என்றார் டீச்சர், முடிந்ததும்.

“மைக் ஒயர் கால்ல மாட்டி விழப் பாத்தேன்.”

“ம்.”

“கைதட்டல் கேக்கலையா உங்களுக்கு?”

“நல்லா கேட்டுச்சு.”

அவன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான்.

“எனக்கும் தெரியும் டீச்சர். மேடையில நிக்கிறப்பவே தெரிஞ்சுச்சு. தட்டுறவங்க எந்திரிச்சுப் போறவங்களைப் பாத்துத் தட்டுறாங்க. போறவங்க தட்டுறவங்களை முறைச்சுட்டுப் போறாங்க. என்னை யாரும் பாக்கல. யாருமே சிரிக்கல.” குரல் இறங்கியது. “இருபது வருஷமா எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை இது. அது போயிடுச்சுன்னா நான் என்ன செய்வேன்?”

டீச்சர் கேட்டார்: “அந்த மனுஷன் கடைசில என்ன சொன்னார்?”

“யாரு?”

“நீங்க ‘என்ன வேலை’ன்னு கேட்டீங்கல்ல. அதுக்கு.”

வைரவன் யோசித்தான். “தெரியல. சிரிப்புல அடுத்த ஆளுக்குப் போயிட்டேன்.”

“இங்க ஒரு முறை இருந்துச்சே.”

“அந்த முறைப்படிதான் டீச்சர் சொன்னேன். அவரைப் பத்தின ஜோக், அவர் முன்னாடியேதான் சொன்னேன். முதல் வரிசையிலதான் இருந்தார்.”

“அறுநூறு பேரைக் கூட வெச்சுக்கிட்டா?”

அவன் போன் திரையை அணைத்தான்.

“போய் அந்த ஜோக்கை அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க. கூட்டம் இல்லாம.”

“இப்பவா? எந்த முகத்தை வெச்சுக்கிட்டு? நீங்களும் வாங்க டீச்சர்.”

“நான் வரல.” டீச்சர் கொட்டைகளைத் திரும்பப் பைக்குள் அள்ளினார். “கேள்வி கேட்டுட்டு அவசரப்படாதீங்க, சும்மா நில்லுங்க, கூட்டத்தைப் பாருங்கன்னு உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு? அந்தக் கிளிப்பை மட்டும் நான் கண்ணைத் திறந்து நாப்பது தடவை பாத்திருக்கேன். அந்த இடைவெளி என்னோடது வைரவன். அவர் மூஞ்சில முழிக்க எனக்குத் துப்பில்ல.”

அவன் லால்குடிக்குப் பஸ் ஏறிப் போனான்.

திரும்பி வரும்போது மணி நாலரை. டீச்சர் அதே நாற்காலியில் இருந்தார். டம்ளரும் அங்கேயே இருந்தது.

“இருந்தாரா?”

“இருந்தார்.”

“பேசினாரா?”

“பேசுறதில்லையாம். ஒண்ணரை வருஷமாச்சாம். வீட்லயும் பேச்சு இல்ல. கடைக்குப் போனா சீட்டு எழுதி நீட்டுறாராம். அவர் பொண்ணுதான் சொல்லுச்சு.” நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். “அன்னைக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்தது அந்தப் பொண்ணுதானாம், அப்பா பிறந்தநாளுக்கு. ‘உங்க ப்ரோக்ராம் ஒண்ணு விடாம பாப்பார் சார்’னு சொல்லுச்சு. திட்டியிருந்தாலும் பரவால்ல. காபி போட்டுக் குடுத்துச்சு.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன். அவர் முன்னாடி நின்னு முதல்லேருந்து சொன்னேன். ‘சாருக்கு என்ன வேலை?’ன்னு கேட்டு நிறுத்தினேன். அடுத்து வாட்சைப் பாக்கணும். கை வரல.”

“அப்புறம்?”

“அப்படியே நின்னேன். இந்தத் தடவை நெஜமாவே பதிலுக்குத்தான் நின்னேன் டீச்சர். எவ்வளவு நேரம்னு தெரியாது. அவர் வாய் லேசா அசைஞ்சுச்சு. வந்துடும்னு நெனச்சேன்.”

“வந்துச்சா?”

“இல்ல. கையைத் தட்டினார்.”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

“மெதுவாத்தான் தட்டினார். என்னையே பாத்துக்கிட்டுத் தட்டினார். நிறுத்தவே இல்ல. அந்தப் பொண்ணு அடுப்படியிலேருந்து ஓடி வந்து ரெண்டு கையையும் பிடிச்சு நிறுத்துச்சு.”

கீழே பந்தல்காரர்கள் மறுநாள் கல்யாணத்துக்குக் கழிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“மன்னிச்சுட்டாரா டீச்சர்? இல்ல, இவ்வளவு பேர் தட்டினாங்களே, என்னோடதையும் வாங்கிக்கோன்னு தட்டினாரா? இல்ல, போதும் போன்னு சொன்னாரா?” வைரவன் போனை மேஜையில் தள்ளி வைத்தான். “அவ்வளவு பேர் எழுதினதும் எனக்கு வேணாம். இது ஒண்ணுக்கு அர்த்தம் தெரிஞ்சாப் போதும். நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்.”

டீச்சர் டம்ளரைக் கையில் எடுத்தார். காலையில் விழுந்த அந்த ஒற்றைக் கொட்டையை வெளியே எடுத்து வைத்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

“அதை அவர் வாயாலதான் கேக்கணும் வைரவன்.”