ஒரு வாய்த் தண்ணீரும் மூன்று புத்தகங்களும்

கார்த்திகை மாதம். மூன்று நாள் அடைமழை வெறித்த ஒரு வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணி.

தாணுலிங்கம் மூன்று புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாகர்கோவிலில் ஜெசிந்தா டீச்சரின் மாடியறைக்குப் படியேறி வந்தார். அவருக்கு வயது ஐம்பத்தைந்து. டீச்சருக்கு முப்பத்தாறு. கணினி நிரல் எழுதக் கற்பிப்பவர்களுக்குக் கற்பிப்பது டீச்சரின் தொழில். அவர் உட்காரச் சொன்ன பிறகே தாணுலிங்கம் உட்காருவார்.

“டீச்சர், இந்த மூணுல எதுன்னு நீங்க சொல்லணும்.”

“யாருக்கு?”

“ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு.”

“போன தடவையும் அவங்களுக்குத்தானே?”

தாணுலிங்கம் மூன்று புத்தகங்களையும் மேசையில் வைத்தார்.

மூடப்பட்ட ஒரு முந்திரி ஆலையில் வேலையிழந்த பெண்களுக்கு அவர் கணினி நிரல் வகுப்பு எடுத்தார். இருபத்துநான்கு பேர் சேர்ந்தார்கள். மூன்றாம் வாரம் ஐந்து பேர் மிஞ்சினார்கள். அடுத்த வகுப்பு தையில். அதுவும் இப்படிக் காலியானால் கணினிகளை எடுத்துச் செல்வதாக, அவற்றைக் கொடுத்த அறக்கட்டளை சொல்லிவிட்டது. சனிக்கிழமைக்குள் புத்தகத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

“சரியா நடத்தலையா சார்?”

“தொண்டை கட்டுற அளவுக்கு நடத்தினேன். வகுப்புல எல்லாருக்கும் விளங்குச்சு. சாயங்காலம் நான் இல்லாத நேரம் தனியா உட்கார்ந்து பழகினாத்தான், புத்தகம் விளங்கலையாம்.”

டீச்சர் நீல அட்டைப் புத்தகத்தின்மேல் விரலை வைத்தார்.

“இது?”

“போன தடவை வாங்கினது. நானூற்றைம்பது ரூபாய், அவங்கவங்க கைக்காசு. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம் டீச்சர். இதுல இல்லாததே இல்ல.”

“சிவப்பு?”

“சுருக்கம். சுத்தமான நடை. ஒரே மூச்சில படிச்சேன்.”

“மஞ்சள்?”

தாணுலிங்கம் சிரித்தார்.

“அது எண்ணிக்கைக்குக் கொண்டுவந்தது. எழுபத்துநாலு பக்கம், சாணித்தாள். பக்க எண்ணைத் தட்ட வேண்டாம்னு முதல் பக்கத்திலேயே போட்டிருக்கான்! பக்க எண்ணை யாராவது கணினியில தட்டுவாங்களா?”

டீச்சர் சிரிக்கவில்லை.

“மூணையும் படிச்சீங்களா?”

“ரெண்டு ரெண்டு தடவை.”

“அப்போ உங்களால தேர்ந்தெடுக்க முடியாது. என்னாலயும் முடியாது. தெரியாதவங்க ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க.”

நண்பகலில் தாணுலிங்கம் தம் மைத்துனரைக் கூட்டி வந்தார். மைத்துனர் வழக்கறிஞர், கணினியில் வழக்குத் தேதி பார்ப்பதற்குமேல் எதுவும் அறியாதவர். அவர் நீலப் புத்தகத்தை விரித்து, பக்கத்துக்குப் பக்கம் “சரி, சரி” என்று தலையாட்டிக்கொண்டே போனார்.

நாற்பதாம் பக்கத்தில் டீச்சர் கேட்டார். “இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்கு சார்?”

“அதெல்லாம் டெக்னிக்கலா இருக்கும்மா.”

மைத்துனருக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பிய பின் டீச்சர் சொன்னார்:

“இவர் புரியாததுக்கும் தலையாட்டிப் பழகினவர். உங்க வகுப்பை விட்டுப் போனவங்க பத்தொன்பது பேர் இருக்காங்க.”

“அவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது டீச்சர்?”

“மூணு மணிக்கு ஒரு பஸ் இருக்கு.”

அந்த பஸ்ஸில் தாணுலிங்கம் போனார்.

முதலில் வகுப்பை விட்டவர் கமலபாய். நாற்பத்துமூன்று வயது. அவர் வாசலில் முறத்தை வைத்து, ஓட்டலுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தாணுலிங்கத்தைக் கண்டதும் எழுந்தார்; நாற்காலி போட்டார்; அவர் வாய் திறப்பதற்குள் பதிலும் சொல்லிவிட்டார்.

“எனக்க மண்டையில அது ஏறாது சார். விட்டுருங்க.”

“படிக்கக் கூப்பிட வரலம்மா. மூணு புத்தகம் இருக்கு. தரம் பிரிக்கணும்.”

வெங்காயக் கத்தி நின்றது. இருபத்திரண்டு வருடம் முந்திரிப் பருப்பைத் தரம் பிரித்த கை அது.

“எது முழுசு, எது உடைசல்னு பாக்கணுமா?”

“ஆமா.”

“அப்ப நாளைக்கு வாறேன்.”

வெள்ளிக்கிழமை, மணி பத்து, அதே மாடியறை. கமலபாயைக் கணினிமுன் உட்காரவைத்தபின், டீச்சர் தாணுலிங்கத்திடம் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்.

“ஒரு வாய் எடுத்துக்குங்க. விழுங்கவும் வேண்டாம், துப்பவும் வேண்டாம். அவங்க பக்கத்துலேயே உட்காரணும். நீங்க வாய் திறந்து தண்ணி எந்தப் பக்கத்துல போகுதோ, அந்தப் பக்கத்தோட அந்தப் புத்தகத்தை மூடிருவோம்.”

“தலையாட்டலாமா?”

“கூடாது. புருவமும் அசையக்கூடாது.”

தாணுலிங்கம் வாய் நிறைய எடுத்துக்கொண்டார்.

முதலில் நீலம்.

கமலபாய் வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். ஆறு பக்கம் ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. ஏழாம் பக்கத்தில் தட்டிப் பார்க்க ஒரு வரி இருந்தது. வரியின் முன்னால் மூன்று அம்புக்குறிகள் அச்சாகியிருந்தன. அவை கணினி தானாகக் காட்டுவன. திரையில் ஏற்கெனவே நின்றன. புத்தகம் அதைச் சொல்லவில்லை.

கமலபாய் மூன்று அம்புக்குறிகளையும் தேடித்தேடித் தட்டினார்.

தாணுலிங்கத்தின் கன்னங்கள் துடித்தன. தாங்கிக்கொண்டார்.

கமலபாய் வரியைத் தட்டி முடித்தார். பிறகு தாளின் அடிக்குப் போய், அங்கிருந்த 7 என்ற எண்ணையும் தட்டினார்.

“ஐயோ, அது பக்க எண்!”

அதற்குள் கமலபாய் என்டர் விசையை அழுத்தியிருந்தார். திரையில் சிவப்பு எழுத்துகள் வந்து நின்றன.

“தண்ணி எங்க சார்?” என்றார் டீச்சர்.

கமலபாய் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இதே சிவப்புதான் சார். அன்னைக்கும் இதுதான் வந்துது. நமக்குள்ளது இல்லன்னு எந்திரிச்சுப் போனேன்.”

“அந்த ஏழுங்கிற எண்ணை எதுக்குத் தட்டினீங்க?” டீச்சர் கேட்டார்.

“தாள்ல கெடக்குல்லா? மேசையில ஒரு பருப்பை விட்டாலும் சூப்பர்வைசர் சத்தம் போடுவாரு. ஒண்ணையும் விடப்பிடாதுன்னு நெனச்சேன்.”

டீச்சர் நீலப் புத்தகத்தை மூடினார். தாணுலிங்கத்தின் பார்வை மஞ்சள் புத்தகத்தின் பக்கம் போகக் கூசியது.

இரண்டாவது, சிவப்புப் புத்தகம். மறுபடியும் ஒரு வாய்த் தண்ணீர்.

கமலபாய் முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தின் பாதியில் அவரே புத்தகத்தை மூடி நகர்த்தி வைத்தார்.

“என்ன ஆச்சு?”

“இது மிக எளிதுன்னு மூணு தடவை போட்டிருக்கு டீச்சர். எனக்கு எளிதா இல்ல. அப்ப இது எனக்கு எழுதினது இல்ல.”

“இல்லம்மா, அது ஒரு பேச்சுக்குப் போடுறது—” என்றார் தாணுலிங்கம்.

பேசிய பிறகுதான் தண்ணீர் போனது அவருக்குத் தெரிந்தது.

டீச்சர் டம்ளரை மூன்றாம் முறை நிரப்பினார்.

மஞ்சள் புத்தகத்தைக் கமலபாய் முதலில் புரட்டிப் பார்த்தார்; தாளைத் தடவிப் பார்த்தார். பிறகு முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார்.

“கட்டத்துக்குள் இருப்பதை மட்டும் தட்டுங்கள். பக்க எண்ணைத் தட்ட வேண்டாம்.”

நிறுத்தினார். தாணுலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னை மாதிரி வேற யாரோ தட்டியிருக்காவ, என்னா சார்? எழுதினவரு பக்கத்துல இருந்து பாத்திருக்காரு.”

தாணுலிங்கத்தின் வாயில் தண்ணீர் இருந்தது.

இரண்டாம் பக்கம் திரையில் எந்தச் சாளரத்தைத் திறப்பது என்று படம் போட்டுக் காட்டியது. மூன்றாம் பக்கம் எந்த விசையை எப்போது அழுத்துவது என்று சொன்னது. நான்காம் பக்கத்தில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஒரு வரி. கமலபாய் அதைத் தட்டினார். வேறு எதையும் தட்டவில்லை. மூன்றாம் பக்கம் சொன்ன விசையை அழுத்தினார்.

சிவப்பு எழுத்துகள் வந்தன.

கமலபாயின் கை விசைப்பலகையை விட்டு எழுந்தது. தாணுலிங்கம் அந்தக் கையைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கைகளாலும் தம் வாயைப் பொத்திக்கொண்டார்.

கை சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு மடிக்குப் போகாமல், தாளுக்குப் போயிற்று. பக்கத்தைத் திருப்பியது. ஐந்தாம் பக்கம் சொன்னது:

“சிவப்பு வந்ததா? நீங்கள் சரியாகத்தான் தட்டியிருக்கிறீர்கள். வேண்டுமென்றே ஒரு குறியை நாங்கள் விட்டிருக்கிறோம். எங்கே என்று கண்டுபிடியுங்கள்.”

“எனக்க கிட்டயே வெளையாட்டா?” என்றார் கமலபாய்.

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரையை நோக்கிக் குனிந்தார். ஒரு கைப்பிடிப் பருப்பில் உடைசலைத் தேடும் கண் அந்த ஒற்றை வரியின்மேல் இடமிருந்து வலம் போயிற்று, திரும்பி வந்தது.

“இன்னா இருக்கு! இந்த ரெண்டு கோடு தொறக்குற எடத்துல கெடக்கு. மூடுற எடத்துல இல்ல.”

விட்டுப்போன மேற்கோள்குறியைச் சேர்த்துத் தட்டினார். அழுத்தினார்.

திரையில் ‘வணக்கம்’ என்று வந்தது.

கமலபாய் திரும்பினார்.

“சார், இது நானாட்டு செஞ்சதா?”

தாணுலிங்கத்தின் கன்னங்கள் உப்பியிருந்தன. தலை அசையவில்லை. புருவமும் அசையவில்லை.

கமலபாய் அந்த முகத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல்ல,” என்றார் கமலபாய், தமக்குத் தாமே. “அப்ப நான்தான்.”

பக்கத்தைத் திருப்பினார்.

“போதும் சார்,” என்றார் டீச்சர். “இப்போ விழுங்கலாம்.”

தாணுலிங்கம் விழுங்கவில்லை. கமலபாய் ஆறாம் பக்கத்தில் இருந்தார்.

மஞ்சள் புத்தகத்தின் விலை தொண்ணூறு ரூபாய். தை மாதத்து முதல் திங்கட்கிழமை, வகுப்பு தொடங்குமுன், விட்டுப்போன பத்தொன்பது பேருக்கும் தாணுலிங்கம் நீலப் புத்தகத்தின் விலையான நானூற்றைம்பதைத் தம் கைக்காசிலிருந்து திருப்பிக் கொடுத்தார். கமலபாய் எண்ணி வாங்கினார்; முந்நூற்று அறுபதை முந்தானையில் முடிந்துகொண்டார்; மீதியைத் தாணுலிங்கத்தின் மேசையிலேயே வைத்துவிட்டு, முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.