குறைந்த சீர்

புலவர் வேதவனத்துக்கு ஒரே மகள். ஏழு வயதில் கோயில் குளத்தில் மூழ்கிப்போனாள். அன்றிலிருந்து, பாவம், மனிதருக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. குளக்கரைக் காளி சன்னதியில் இருந்த துறவி நீலம்மையின் காலில் போய் விழுந்தார்.

"என் பிள்ளை எங்கே, தாயே? அதை மட்டும் சொல்லுங்கள்."

நீலம்மை ஓர் ஏட்டை நீட்டினாள். காளிமேல் பத்துப் பாட்டு. பெற்றதைப் பறிகொடுத்தவர்கள் அந்தச் சன்னதியில் பாடுவது.

"நாற்பது நாள் பாடும். பிறகு வாரும்."

பண்டித மூளை சும்மா இருக்குமா? முதல் நாளே பாட்டின் சீர்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டது. நாற்பதாம் நாள் உச்சிவேளையில் ஏட்டோடு வந்து நின்றார்.

"எதுகையெல்லாம் முத்து முத்தாக விழுந்திருக்கிறது, தாயே. ஆனால் பத்துப் பாட்டும் ஒரே அடியில் முடிகிறது, 'அழைத்தால் அருகே அமர்வாய்' என்று. நான்கு சீர் வரவேண்டிய இடத்தில் மூன்றுதான். பத்து இடத்திலும் ஒரு சீர் குறைகிறது. ஏடெழுதியவன் கோட்டைவிட்டுவிட்டான்."

"நீர் என்ன செய்தீர்?"

"'அம்மா' என்று சேர்த்தேன். மோனையும் ஆயிற்று, அளவும் ஆயிற்று."

"பாடினீரா?"

"தினமும் அப்படித்தான் பாடினேன். ஒன்றும் நடக்கவில்லை, தாயே."

"ஏட்டில் உள்ளபடி பாடும். குறைகிற இடத்தில் வாயை மூடி ஒரு மூச்சு பொறும்."

குளத்தைப் பார்த்து உட்கார்ந்து பாடினார். முதல் பாட்டு முடிந்தது. பொறுத்தார். தண்ணீரில் ஏதோ சளக்கென்றது. மீனாக இருக்கும் என்று நினைத்தார்.

இரண்டாம் பாட்டு முடிந்தபோது வெயிலில் காய்ந்துகிடந்த கடைசிப் படி நனைந்திருந்தது. மூன்றாவதில் அதற்கு மேல்படி. காற்றில்லை, அலையில்லை. ஐந்தாவதில் நன்றாகவே தெரிந்தது, சின்னஞ்சிறு ஈரப் பாதம். புலவரின் பாட்டு நின்றது.

"நிறுத்தாதீர்" என்றாள் நீலம்மை.

ஒன்பதாம் பாட்டில் ஈரம் அவரைக் கடந்து முதுகுப்பக்கம் போயிற்று. திரும்பத் தைரியம் வரவில்லை. பத்தாம் பாட்டையும் எப்படியோ பாடிவிட்டார்.

"அழைத்தால் அருகே அமர்வாய்..."

வாயை மூடினார். பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். காதோரத்தில் ஒரு குரல்.

"அப்பா."

பழக்கதோஷத்தில் நான்காவது விரல் தானாக மடங்கியது. புலவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

நீலம்மை கேட்டாள், "இப்போது ஏதாவது குறைகிறதா, புலவரே?"